வாசிக்கப்படாத இரண்டாம் ஓலை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிறு காலை ஆராதனையில் எனக்கும் டேனியலுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள்.

2. தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

3. ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு டேனியலின் அம்மாவிடம் போனேன். எனக்கு வலிப்பு வந்திருக்கிறது, அதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னேன்.

4. அவர், "தெரியும்மா" என்றார்.

5. அவருக்குப் பின்னால் நின்றிருந்த டேனியலின் பெரியப்பா, "எனக்குத் தெரியாதே" என்றார்.

6. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை.

வேலையில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு செயலி எந்த இடத்தில் உடைகிறது என்று கண்டுபிடித்து, உடைவதற்கு முன் நான் செய்ததையெல்லாம் இப்படி வரிசை போட்டு எழுதிக் கொடுப்பேன். இன்னொருவர் அதே வரிசையில் செய்தால் அதே இடத்தில் உடைய வேண்டும். அப்போதுதான் என் அறிக்கை சரி.

மேலே இருப்பதைப் பலமுறை படித்துவிட்டேன். எந்த வரியில் உடைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது வரி என்கிறாள் அம்மா. ஐந்தாவது என்கிறார் டேனியல். முதல் வரிக்கும் முன்னால் என்று நான் சில நாள் நினைக்கிறேன், சில நாள் நினைப்பதில்லை.

ஓலை என்பது

எங்கள் சபை மும்பை தாராவியில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கூடுகிற சபை. குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஒரு கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே, ஐயர் மணமக்களின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் வாசிப்பார். இவர்கள் சேருவதற்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். இதற்குப் பெயர் ஓலை. அவர் கையில் இருப்பது கணினியில் அச்சடித்த காகிதம்தான். அதையும் ஓலை என்றே சொல்கிறோம்.

சிறுவயதில் ஆராதனையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஐயர் கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். மின்விசிறிகள் மட்டும் சத்தம் போடும். யாராவது எழுந்து நிற்க மாட்டார்களா என்று நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அம்மா தொடையில் கிள்ளுவாள்.

ஒரே ஒரு முறை ஒருவர் எழுந்தார். மொத்த சபையும் திரும்பியது. மணப்பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் கையைக் கூப்பி, "வெளிய டெம்போக்காரன் ஹாரன் அடிக்கான், என் ஸ்கூட்டர எடுத்துட்டு வந்திடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அவரைத்தான் அதிகம் பேர் போட்டோ எடுத்தார்கள்.

என்னுடைய ஓலை வாசித்த அன்று நான் சிரிக்கவில்லை. தலையைப் பாதி திருப்பி என்னைப் பார்த்த அக்காமார்கள், தரையிலிருந்து எழும்பும் பினாயில் வாசனை, பக்கத்தில் அம்மாவின் மல்லிகை. ஐயர் கேட்டார், ஒரு மூச்சு நிறுத்தினார். எல்லோருக்கும் அது ஒரு சடங்கு. எனக்கு அது கேள்வியாகக் கேட்டது. தடை ஏதாவது அறிந்தவர்கள் என்றால் அதில் நானும் சேர்த்திதானே.

தடையா அது? இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாணம் பண்ணலாம், குழந்தை பெறலாம், அதற்கேற்ற மாதிரி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். கடைசியில் சொன்னதுதான் பிரச்சினை.

சின்னச் சின்னப் பொய்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மழைக்காலம் முடிந்த ஒரு வார இறுதியில் சபைப் பெண்களுக்கு முகாம் வைத்திருந்தார்கள். பேச வந்தவர் ஒரு ஆசிரியை, மென்மையான குரல். பரிசுத்தம் என்பது கோவிலுக்குள் மட்டும் நடக்கிற காரியம் இல்லை, நீங்கள் ரயில் ஏறுகிற விதத்தில், போன் எடுக்கிற விதத்தில் இருக்கிறது என்றார். மற்றவர்கள் அழுதார்கள். நான் போனில் பட்டியல் போட்டேன்.

வீட்டைவிட்டே கிளம்பாமல் "சயான் ஸ்டேஷன் வந்துட்டேன்" என்று சொல்லக் கூடாது. சோதித்துப் பார்க்காததைச் சோதித்தேன் என்று எழுதக் கூடாது. லேடீஸ் பெட்டியில் இறங்கப் போகிறவளிடம் முதலில் சீட் கேட்டு வைத்தது இன்னொருத்தி என்று தெரிந்தும் அந்த இடத்தில் உட்காரக் கூடாது. பிடிக்காத சாப்பாட்டைப் பிடித்தது என்று சொல்லக் கூடாது. இப்படி நீண்டுகொண்டே போனது.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. உடம்பு லேசானது போல. மேனேஜர் மட்டும், "இந்தப் பொண்ணு எதைக் கேட்டாலும் இன்னும் முடியலன்னே சொல்லுது" என்று பக்கத்து மேஜையில் சொன்னார்.

பிறகு அந்தப் பட்டியல் வீட்டுக்குள் வந்தது.

இரும்புச் சாவி

முதல் வலிப்பு வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது நாங்கள் சந்துக்குள் இருந்தோம், இந்தக் கட்டடத்துக்கு வரவில்லை. குடத்தை இறக்கி வைத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது கைக்குள் ஒரு பெரிய சாவி. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா அவர்கள் கடைப் பூட்டின் சாவியை என் கையில் திணித்து, என் விரல்களை மூடிப் பிடித்திருந்தார். வலிப்புக்கு இரும்பு என்று ஊரில் செய்வது. என் உள்ளங்கை வெகுநேரம் இரும்பு வாசனை அடித்தது.

அம்மா ஞாயிறு பள்ளி டீச்சர். தாயத்து, மந்திரித்த கயிறு, இரும்பு எதையும் வீட்டு வாசலில் விடமாட்டாள். அந்தச் சாவியை மட்டும் அவள் பிடுங்கவில்லை. செல்லம்மா அக்காவே எடுக்கும்வரை அது என் கையில் இருந்தது.

சந்தில் கேட்டவர்களிடம் அம்மா, "வெயில்ல நின்னா, மயங்கிட்டா" என்றாள். அது மழை பெய்துகொண்டிருந்த நாள். யாரும் திருத்தவில்லை.

இரண்டாம் முறையும் வந்தது. அப்புறம் மாத்திரை. அதற்குப் பிறகு பல வருடங்களாக வரவில்லை. மாத்திரை டப்பா அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். யாராவது வந்திருந்தால் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி சமையலறைக்குப் போவேன்.

செல்லம்மா அக்கா விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொண்டுவருவார். அம்மா தட்டைச் சிரித்துக்கொண்டே வாங்குவாள், படைத்தது என்பதால் நாங்கள் சாப்பிட மாட்டோம். "அக்கா கேட்டா என்னம்மா சொல்ல?" என்றால், "நல்லாருந்துச்சுன்னு சொல்லு" என்பாள். அக்காவின் கணவர் இறந்த வருடம் அக்கா அதே தட்டோடு வந்து வாசலிலேயே நின்றார். அம்மா ஒன்றை எடுத்து, கண்ணை மூடி ஜெபித்து, அவர் பார்க்கவே சாப்பிட்டாள். "இந்த வருசம் தேங்கா கூட" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

அம்மாவின் கணக்கு என்ன என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. பட்டியல் போட்ட பிறகு புரிந்துகொள்ளும் பொறுமையும் போய்விட்டது. குடும்ப ஜெபத்தில் அவள் உண்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் என் கண் அரிசி டின்னுக்குப் போகும். பெண் பார்க்க வந்தவர்களிடம் இவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பேன். என் அம்மா பொய்க்காரி என்று மனதுக்குள் முழு வாக்கியமாகவே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

டேனியலுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். மாட்டுங்காவில் ஒரு உடுப்பி ஹோட்டலில், முதல் முறை தனியாகப் பேசியபோது. அவர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இஞ்சினியர், வீடு தேவ்நார். நான் சொல்லி முடித்ததும், "இப்ப வர்றதில்லல்ல? ஓகே" என்றார். "எங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

"பேசிட்டீங்களா?" என்று அடுத்த வாரம் கேட்டேன்.

"ஹோ ஜாயேகா, ஆயிடும். டென்ஷன் எடுக்காத."

அதற்கடுத்த வாரமும் அதே பதில். அவர் பேசவில்லை. அம்மா வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். ஆகவே டீக்கோப்பையோடு நானே போனேன்.

அத்தை, அதாவது டேனியலின் அம்மா, "தெரியும்மா" என்றபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நொடியே பெரியப்பாவின் குரல். அவர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் விடைபெறாமல், குர்லா பக்கம் போகிற ஆட்டோவில் ஏறிவிட்டார். ஒரு வாய் குடித்த டீ அப்படியே இருந்தது.

டேனியலின் அப்பா இறந்தபோது டேனியல் சின்னப் பிள்ளை. படிக்க வைத்து, ஞானஸ்நானத் தகப்பன் போல நின்று வளர்த்தவர் இந்தப் பெரியப்பா. உல்லாஸ்நகரில் கடை. அவர் சம்மதமில்லாமல் அந்த வீட்டில் ஃபேன்கூட மாற்ற மாட்டார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"ஏட்டி," என்றாள் அம்மா, "நான் டேனியல் அம்மாகிட்ட எப்பவோ சொல்லியாச்சு. பொண்ணு பாக்க வரதுக்கு முந்தியே. தேவ்நாருக்கு நானே ஆட்டோ பிடிச்சுப் போயி, அவ சமையக்கட்டுல வச்சுச் சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம். ஜெபம் பண்ணினோம். பெரியவர்ட்ட மட்டும் இப்பம் வேண்டாம், ஊரு பூரா போன் போட்டு விசாரிப்பாவ, ஒரு பிள்ள பொறந்த பொறவு சொல்லிக்கிடுவோம்னு அவதான் சொன்னா."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? பெரியவர்ட்டயும் சொல்லணும்ப. உன்ன எனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்த அப்பா, "நம்ம பிள்ள சொன்னது உண்மதான" என்றார்.

"உண்மதான். நீங்க பேசாம இருங்க."

"மனசுல வச்சுக்கிட்டு என்னால அங்க உக்கார முடியலம்மா," என்றேன். "சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன்."



"நீ சுத்தமாவதுக்கு நாங்க என்ன சோப்பா?" என்றாள் அம்மா.



யோசித்துப் பார்த்தால், ஒரே விஷயத்தை என் வீட்டிலும் அவர் வீட்டிலும் ஆளாளுக்குத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தோம். நான் பொய்க்காரி என்று நினைத்தவள் எனக்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னவள் என்று நினைத்துக்கொண்ட நான், அவர்கள் இருவரும் அழுது ஜெபித்துக் கட்டிவைத்ததைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆனாலும் பெரியப்பாவை ஏமாற்றித்தானே அதைக் கட்டினார்கள்? இதில் எது பரிசுத்தம்? வேலையில் இப்படி ஒரு குழப்பம் வந்தால் எதிர்பார்த்த விளைவு என்ன என்று முதலில் எழுதுங்கள் என்போம். அதை எழுதத் தெரிந்தால் நான் ஏன் குழம்புகிறேன்?

பின்னால் நின்றவர்

இரண்டாம் ஞாயிறு ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். வேறொரு ஜோடிக்கு மூன்றாம் ஓலை வாசித்தார். எங்களுடையது வரவில்லை. பெரியப்பா போன் செய்து நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று அத்தை மூலம் தெரிந்தது. தலைகள் மறுபடியும் பாதி திரும்பின. அம்மா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே நானும் டேனியலும் உல்லாஸ்நகர் போனோம். குர்லாவில் அம்பர்நாத் லோக்கல் பிடித்து, நின்றுகொண்டே போனோம்.

பெரியப்பாவின் கடை ஜீன்ஸ் தைப்பவர்களுக்கான ஜிப்பும் பட்டனும் விற்கும் கடை. ஒரு ஆள் நுழைகிற அகலம். இரண்டு பக்கமும் டப்பா டப்பாவாக உலோகம். உள்ளே நுழைந்ததும் அந்த இரும்பு வாசனை என் உள்ளங்கையில் ஏறியது.

"உக்காரும்மா," என்று எனக்கு ஸ்டூலைத் தள்ளினார். டேனியலிடம், "நீ போயி கட்டிங் டீ சொல்லிட்டு வா" என்றார்.

"மூணா பெரியப்பா?"

"உனக்கு வேணும்னா மூணு."

டேனியல் போன பிறகு ஒரு டப்பாவில் சிதறிக் கிடந்த பட்டன்களை அவர் ஒதுக்கினார்.

"நான் தடை ஒண்ணும் சொல்லல. ஐயர்ட்ட சொன்னது இவ்வளவுதான். எனக்குத் தெரியாத காரியம் ஒண்ணு இருக்கு, தெரிஞ்ச பொறவு வாசிங்கன்னு."

"சரி பெரியப்பா."

"வியாதி கெடக்கு, அது யாருக்கில்ல. எல்லாரும் சேந்து என்னய மட்டும் வெளிய நிறுத்திருக்கிய. நான் யாரு, வழியில போறவனா?"

சிதறியிருந்த ஒரு பட்டனை எடுத்து டப்பாவுக்குள் போட்டேன்.

"ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு டீ குடிக்கையில நான் பின்னால நிக்கது உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அத்தையின் தோளுக்கு மேல் ஒரு வெள்ளைச் சட்டையும், பிஸ்கட் தட்டை நோக்கி நீண்ட கையும் எனக்குத் தெரிந்தன. இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். சொன்னால் அவருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுதான் சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாச் சொன்னேனான்னு தெரியல பெரியப்பா. மெதுவாச் சொல்லல."

அவர் தலையாட்டினார்.

"அப்போ என் மூஞ்சியப் பாத்தே சொல்லிருக்கலாம்லா?"

பொய் சொல்லக் கூடாது என்று பட்டியலில் இருந்தது. யார் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவருடைய காதில் விழட்டும், ஆனால் நான் அவரிடம் சொன்னதாக ஆக வேண்டாம். அப்படித்தான் நினைத்தேனா? அன்று நினைத்த மாதிரி இல்லை. கடையில் உட்கார்ந்து யோசித்தபோது நினைத்திருப்பேன் போலவும் இருந்தது.

"சரி, இப்பம் சொல்லு," என்றார்.

குடத்தை இறக்கி வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் ஒருவர் வந்து, "சாச்சா, பீத்தல் வாலா ஜிப் ஹை க்யா?" என்று பித்தளை ஜிப் கேட்டார்.

"ஹை, ருக்கோ," என்று இருக்கச் சொல்லிவிட்டு எழுந்தவர் டப்பாவைத் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், "நீ சொல்லு. சாவிய யாரு கையில வச்சா?" என்றார்.

"பக்கத்து வீட்டு அக்கா."

"உங்க அம்ம எடுக்கலியா?"

"எடுக்கல."

"ம். பயந்தியா நீ?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. டாக்டர் எத்தனை நிமிடம் என்று கேட்டார். டேனியல் இப்போது வருகிறதா என்று கேட்டார்.

"தெரியல," என்றேன். "முழிச்சதும் ரொம்பப் பசிச்சுது. பயம் அப்புறம்தான் வந்துச்சு."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். டேனியல் மூன்று கட்டிங் டீயோடு வந்து, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"நீ பத்திரிகையில எழுதுவியாமே. இதையும் எழுதிப் போட்டுருவியோ?"

"நீங்க வேண்டாம்னா எழுத மாட்டேன்."

"எழுது. கடை பேரு வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தியே வெளம்பரம் ஆரம்பிச்சிட்டாவன்னு சொல்லுவானுவ."

கல்யாணம் என்று அவர் வாயால் சொன்னதை நான் கவனித்தேன். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. கிளம்பும்போது அவர் சொன்னது ஒரே வாக்கியம்.

"ஞாயித்துக்கெழம வாரேன்."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. டேனியல் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"வாரேன்னு சொல்லிட்டார்ல. காம் ஹோ கயா, வேலை முடிஞ்சுது."

"வந்து என்ன சொல்வார்?"

"வந்து உக்காருவார்."

"ஐயர் தடை இருக்கான்னு கேக்கும்போது?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அது அவருக்கே இன்னும் தெரியாதுன்னு நெனக்கிறேன்."

இன்றைய நிலவரம்

இரண்டாம் ஓலை இன்னும் வாசிக்கப்படவில்லை. காகிதம் ஐயரிடம் இருக்கிறது. இந்த ஞாயிறு பெரியப்பா வருகிறார். அத்தை தினமும் போன் செய்கிறார், அம்மாவுக்கு, எனக்கு இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் பட்டியலை நான் அழிக்கவில்லை. புதிதாக எதையும் அதில் சேர்க்கவும் இல்லை. அம்மா இந்தக் கல்யாணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என்னோடு பேசுகிறாள்.

அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த மாத்திரை டப்பா இரண்டு நாளாக வாட்டர் ஃபில்டரின் மேல் இருக்கிறது, வீட்டுக்குள் வருகிற யார் கண்ணிலும் படுகிற இடத்தில். அதை அங்கே வைத்தது நான் இல்லை.